சின்னம்மா இன்னும் அந்தியேட்டி செய்யவில்லை

யாழ்ப்பாண நகரில் ஒரு விடுதி மண்டபத்தில் நல்லிணக்கப் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. நடத்தியவர்களின் பெயர் வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னம்மாவை நான்தான் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வளவாளர் நல்ல மனுசன். மெதுவாகக் கதைத்தார். எல்லாரையும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பிறகு, உங்களுக்குத் தீங்கு செய்தவரின் முகத்தை நினையுங்கள், மன்னித்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லுங்கள் என்றார். சின்னம்மா கண்ணை மூடவில்லை. தேத்தண்ணி இடைவேளையில் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டார்:

"ஆற்ர முகத்தையடா நினைக்கிறது? கொண்டுபோனவனை நான் காணேல்லையே."

அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆன்மீகம் சமாதானத்துக்கு உதவும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் எந்த ஆன்மீகம்?

சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி, 1996இல் சைக்கிளில் வெளிக்கிட்டவன். பத்தொன்பது வயது. ஒரு காவலரண் வரைக்கும் அவனைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், அதற்கு அங்கால் இல்லை. சித்தப்பா 2004இல் காலமானபோது எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டத்திவசம் என்று செத்தவருக்குச் செய்கிற சடங்குகளில் சின்னம்மா ஒன்றும் குறை வைக்கவில்லை. மகனுக்கு மட்டும் எதுவும் இல்லை. செய்யாவிட்டால் ஆத்மா அலையும் என்று ஊரில் சொல்லாத ஆள் இல்லை. சாதகம் பார்த்துச் சொன்னவர்களும் உண்டு. மாமா ஒருவர், எல்லாம் "எப்பவோ முடிந்த காரியம்" என்று யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் மகாவாக்கியத்தையே எடுத்து விட்டார். (யோகர் சுவாமி பாவம். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமியிடம் அவர் பெற்ற உபதேசத்தை எங்கள் ஆக்கள் வாயடைக்கத்தான் அதிகம் பாவிக்கிறார்கள்.)

சின்னம்மாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "அவன் செத்தவன் எண்டு நான் சொன்ன உடன அவங்கள் கணக்கை மூடிப்போடுவாங்கள்."

அவருடைய அனுட்டானம் இவ்வளவுதான். பின்னேரம் ஆறு மணிக்கு சுவாமி அறையில் ஒரு விளக்கு. வெள்ளிக்கிழமை விரதம். சமைத்ததில் ஒரு பிடி தனியாக எடுத்து வைப்பார், அது காகத்துக்கு அல்ல, வந்தால் சாப்பிட. முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. அரசாங்கம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் தருகிறது, அதோடு இழப்பீடாக முதலில் ஒரு இலட்சம் என்றது, பிறகு இரண்டு இலட்சம் என்றது. பட்டறைக்காரர் மன அமைதி தருகிறார். சாத்திரி ஆத்ம சாந்தி தருகிறார். எல்லாரும் அவரிடமிருந்து கேட்பது ஒரே ஒரு கையெழுத்துத்தான். அதை அவர் போடவில்லை. ஒரு கிழவி தன் வீட்டுக்குள் விளக்கேற்றி வைத்துக்கொண்டு ஒரு அரசாங்கத்தோடு முப்பது வருஷம் ஒத்துப்போகாமல் இருக்கிறார். அதை நான் சத்தியாக்கிரகம் என்றுதான் சொல்வேன்.

அவர் தனியாக இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோயில் முன்றலில். கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலோ கட்சி அலுவலகமோ அல்ல. அவர்கள் தேங்காய் உடைத்தார்கள், கற்பூரச் சட்டி ஏந்தினார்கள், கண்ணகி மாதிரித் தலைவிரி கோலமாக நின்றார்கள். தென்னிலங்கைப் பத்திரிகையாளர் ஒருவர் இதை மூடநம்பிக்கை என்று என்னிடம் சொன்னார். கேட்க ஒரு அரசாங்கம் இல்லாதவர்கள் கடவுளை நீதிபதி ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். மனுப் போட்டு மனுப் போட்டு அலுத்தவர்களின் கடைசி மனு அந்தத் தேங்காய்.

யாழ்ப்பாணத்துச் செம்மணியிலும் அப்படித்தான். 1998இல், மாணவி கிருஷாந்தியை இராணுவத்தினர் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர் அங்கே நூற்றுக்கணக்கானவர்களைப் புதைத்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டி 15 பேரின் எச்சங்களை எடுத்ததோடு நின்றுவிட்டது. 2025இல் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. அந்த வருஷத்துக்குள்ளேயே இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள். ஒரு பிள்ளையின் நீலப் புத்தகப் பை, ஒரு பொம்மை. ஜூன் 23 தொடங்கி மூன்று நாள் அங்கே "அணையா விளக்கு" எரிந்தது. ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வந்த நாளும் அதற்குள் வந்தது. சின்னம்மாவைக் கொண்டுபோய் இருத்தினேன். பேச்சுகள் அவருக்குக் கேட்கவில்லை, காது மந்தம். எண்ணெய் குறைந்தால் விடுவது, காற்றுக்குக் கையால் மறைப்பது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் செய்கிற அதே வேலை. பக்கத்தில் இருந்த தாய் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர், கையில் செபமாலை. இரண்டு பேரும் பிள்ளைகளின் வயதைத்தான் ஒருவருக்கொருவர் சொன்னார்கள்.

ஓகஸ்டில் புதைகுழியிலிருந்து எடுத்த பொருட்களை அடையாளம் காட்டச் சனத்துக்குக் காண்பித்தபோதும் போனோம். ஒன்றும் அவனுடையது இல்லை. திரும்பி வரும் வழி முழுக்க சின்னம்மா கதைக்கவில்லை. நிம்மதியோ ஏமாற்றமோ, நான் கேட்கவும் இல்லை.

ஆக, எனக்கு விளங்கியது இவ்வளவு. எங்கள் மண்ணில் நீதிக்குத் துணை நின்ற வழிபாடு மனதை ஆற்றுகிற வழிபாடு அல்ல. ஆறவிடாமல் காக்கிற வழிபாடு. போரின் கடைசி நாட்களில் சனம் குடித்ததை நினைத்து மே மாதத்தில் காய்ச்சுகிற முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பாருங்கள். அரிசி, தண்ணீர், உப்பு. 2024இல் சம்பூரில் அதைக் காய்ச்சியதற்குப் பெண்களைக் கைது செய்தார்கள். வெறும் கஞ்சிக்கு ஏன் பயம்?

சரி, இதுவரைக்கும் எல்லாரும் விருப்பக்குறி போடுவீர்கள் என்று தெரியும். இனித்தான் சிக்கல்.

நினைவைக் காக்கிற எங்கள் வழிபாடு எங்களுக்கு வசதியான நினைவைத்தான் காக்கிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியே போகச் சொன்னது நாங்கள் எங்கள் ஆக்கள் என்று சொல்லும் புலிகள்தான். அவர்கள் இருந்த சோனகதெரு வெறுமையானது. எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி நிற்கிறது. 1991இல் ஐயா மலிவாக வாங்கியது. ஆருடையது என்று ஆரும் கேட்கவில்லை. அதற்குள்தான் கந்தபுராணமும் திருமுறையும் அடுக்கி வைத்திருக்கிறோம். கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று உண்டு, முழந்தாளிட்டுத் தன் குற்றத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். எங்களிடம் தேங்காய் உடைப்பது இருக்கிறது, ஆனால் எப்போதும் மற்றவனுக்கு எதிராகத்தான் உடைக்கிறோம்.

கோயில் வாசலும் அப்படித்தான். 1957இல் தீண்டாமைக்கு எதிராகச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினொரு வருஷத்துக்குப் பிறகு, 1968இல், மாவிட்டபுரம் கந்தன் வாசலில் உள்ளே விடச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதி மனுசர் குந்தியிருக்க வேண்டியிருந்தது. மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கிய சி. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டில் படித்த கணிதப் பேராசிரியர். படிப்பும் பக்தியும் சேர்ந்து ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். பழங்கதை என்பீர்கள். 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயிலில், வடம் பிடிக்க எல்லாச் சாதியும் வரக்கூடாதென்று தேரை மண்வாரி இயந்திரத்தால் இழுத்தார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் இயந்திரம் வரவில்லை, தேவையும் வரவில்லை. மடப்பள்ளிக்குள் ஆர் போகலாம் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். நானும் அந்தத் திருவிழா உபயகாரர்களில் ஒருவன். ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

மாறி நடந்ததும் இந்த மண்ணில்தான். 1920களில் யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரஸ் காந்தியைக் கூப்பிட்டது, 1927 நவம்பரில் அவர் வந்தார். அந்தப் பெடியள்தான் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம், சமபோசனம் என்று நின்றவர்கள். ஒன்றாகக் குந்து, ஒன்றாகச் சாப்பிடு. எனக்கு அதைவிடப் பெரிய தியானப் பயிற்சி தெரியாது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். பூசை செய்பவர்கள் பிராமணர் அல்ல, கடற்றொழில் சமூகத்தவர். மந்திரம் இல்லை, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை. மடங்களில் அன்னதானம், பந்தியில் ஆர் பக்கத்தில் ஆர் என்று கேள்வி இல்லை. கதிர்காமப் பாதயாத்திரை வெளிக்கிடுவதும் அங்கேயிருந்துதான். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பிறகு காடு. வழியில் தண்ணீர் தருகிறவனின் சாதியையும் மொழியையும் விசாரித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

நான் அந்தப் பாதயாத்திரை போனதில்லை. முழங்கால் விடாது. ஆனால் அலுமாரிக்கு உரியவர்களைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். புத்தளத்தில் ஒரு குடும்பம் என்று கேள்வி. வீட்டில் இதனால் சண்டை, அது வேறு கதை.

இந்த ஆடி அமாவாசைக்கு சின்னம்மாவோடு கீரிமலைக்குப் போனேன். மாவிட்டபுரத்துக் கந்தன் தீர்த்தமாட வரும் நாள், ஒழுங்கையெல்லாம் சனம். ஐயாவுக்கும் சித்தப்பாவுக்கும் நான் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். குருக்கள் பெயர்களைக் கேட்டுச் சொல்லிக்கொண்டு வந்தவர், "இன்னும் ஆரும் இருக்கினமோ?" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா படியில் இருந்தபடியே தலையை ஆட்டினார்.

"இல்லை ஐயா. அவ்வளவுதான்."

திரும்பும்போது சுன்னாகம் சந்தையில் இறங்கி, அமாவாசைச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் வாங்கினோம். கால் கிலோ போதும் என்றேன். அரைக் கிலோ போடச் சொன்னார்.