மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ளவர்களுக்கு

குரலுக்கு இயங்கும் ஜன்னல் திரைக்குப் பேட்டரி மோட்டாரே போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வாடகை வீட்டுக்குச் சரி. ஆனால் புதிதாகக் கட்டுபவர்கள், தயவுசெய்து பூச்சு வேலைக்கு முன்பே ஜன்னலுக்கு மேல் ஒரு கரண்ட் பாயிண்ட் வைத்துவிடுங்கள். மதுரை திருநகரில் எங்கள் ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. கத்திரி வெயிலில் மூன்று மணிக்கு மேல் சோபாவில் கை வைக்க முடியாது. திரை தினமும் நாலைந்து தடவை ஏறி இறங்கும். சார்ஜ் போட ஒவ்வொரு முறையும் ஏணி எடுக்க வேண்டியிருக்கிறது.

திரை வாங்கும் முன் ஜன்னலின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். எங்கள் சுவரில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். சட்டத்துக்குள் பொருத்துவதானால் இருப்பதிலேயே சிறிய அளவைத்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் துணியின் ஓரம் உரசி நூல் பிரியும்.

வைஃபையில் சேர்க்கத்தான் பாதி நாள் போனது. இந்த மாதிரி மோட்டார்கள் பெரும்பாலும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் சேரும். என் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. ரூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த பிறகு ஒரே நிமிடத்தில் சேர்ந்துவிட்டது.

அப்புறம், ரிமோட்டும் சேர்ந்து வருவதாகவே வாங்குங்கள். நெட் போனால் குரல் வேலை செய்யாது. முட்டி வலியோடு அம்மா எழுந்து வந்து கயிறு இழுக்கக் கூடாது என்றுதான் இதையே போட்டோம்.