அளக்காம விக்காதீங்கய்யா

துப்பாக்கில சுட்டு முடிச்ச .223 தோட்டாவோட காலிக் கூட்டை வெட்டி, 300 பிளாக்அவுட்ங்கற வேற காலிபர் (தோட்டா வகை) கூடா ஆக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. நானே செய்றேன். 2011ல அந்தக் காலிபருக்கு அமெரிக்காவுல முறைப்படி தர அளவு வந்ததுல இருந்து, ரீலோடிங் பண்றவங்களுக்கு, அதாவது காலிக் கூட்டுல மறுபடி மருந்தும் குண்டும் போட்டுத் தோட்டா செய்றவங்களுக்கு, இது பழகின வேலை. சுடற ரேஞ்சுல கொட்டிக் கிடக்கற பித்தளைக் கூடு, ஒரு சின்ன ரம்பம், கூட்டை வடிவத்துக்குக் கொண்டு வர ஒரு டை, நீளத்தைச் சரி பண்ண ஒரு ட்ரிம்மர். இருந்தா ஆச்சு. ஆனா வெட்டினதோட வேலை முடிஞ்சுதுன்னு, அளக்காம கொள்ளாம பாக்கெட் போட்டு விக்கறாங்க பாருங்க, அவங்களை நினைச்சாத்தான் பத்திக்கிட்டு வருது.

போன மாசம் ஒருத்தர்கிட்ட மாத்தின கூடு ஒரு பை வாங்கினேன். மேல "உடனே லோட் பண்ணலாம்"னு ஸ்டிக்கர் வேற. மேசையில கொட்டிப் பார்த்தா நாலஞ்சு கம்பெனிக் கூடு ஒண்ணாக் கலந்து கிடக்கு. வெட்டின வாய்ல பிசிறு அப்படியே இருக்கு, விரல் வெச்சா கீறுது. மிலிட்டரிக் கூடுகள்ல அடியில பிரைமர் (மருந்தைப் பத்த வைக்கற சின்னக் குப்பி) உட்கார்ற குழியைச் சுத்தி ஒரு கிரிம்ப், அதாவது நசுக்கி இறுக்கின விளிம்பு இருக்கும், அதைக்கூட எடுக்கல. அது தொலையட்டும், பிரைமர் உள்ள இறங்காது, நானே எடுத்துக்கலாம். குண்டைப் பிடிச்சிருக்கற வாய்ப் பகுதி, அந்தக் கழுத்தை என்ன பண்றது? ஒண்ணுல குண்டை உட்கார வெச்சு வெர்னியரைப் போட்டேன். 0.337 அங்குலம். அடுத்தது 0.331. அடுத்தது மறுபடி 0.336. இருக்க வேண்டிய உச்ச அளவு 0.334.

ஆயிரத்துல ரெண்டு மூணு பங்குக்கா இவ்வளவு கத்தறேன்னு கேக்கறவங்களுக்காகச் சொல்றேன். .223 கூட்டோட நீளம் 1.760 அங்குலம். அதை 1.368க்குள்ள கொண்டு வரணும். அதாவது பழைய கழுத்தும் போச்சு, அதுக்குக் கீழ சரிவா இருக்கற தோளும் போச்சு. மிச்சம் இருக்கற உடம்போட மேல்பாகம்தான் புதுக் கழுத்தா மாறுது. அந்த இடத்துல சுவர் பழைய கழுத்தைவிடத் தடிமன், கீழ போகப் போக இன்னும் தடிமன். எவ்வளவு தடிமன்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குண்டோட விட்டம் 0.308. 0.334ல அதைக் கழிச்சு ரெண்டாப் பிரிச்சா ஒரு பக்கச் சுவருக்கு 0.013 வருது. அதுதான் கடைசி எல்லை. 0.012ஐத் தாண்டின எதையும் நான் குறடால நசுக்கி பழைய பித்தளைக்குப் போட்டுடுவேன்.

வெடிக்கும்போது கழுத்து விரிஞ்சாத்தான் குண்டை விடும். சேம்பர்ல, அதாவது தோட்டா உட்கார்ற துப்பாக்கி அறையில, விரிய இடமில்லைன்னா குண்டு இறுகிப் பிடிச்சுக்கும், பின்னாடி மருந்து எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அழுத்தம் எகிறும். தோட்டாவைப் பின்னாடி அடைச்சுப் பிடிக்கற போல்ட் என் கன்னத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல இருக்குங்க!

இன்னொரு கொடுமை அடியில பொறிச்ச எழுத்து. காலிபரே மாறியாச்சு, ஆனா அடியில இன்னும் ".223 ரெம்"னுதான் இருக்கு. ஏஆர்-15 துப்பாக்கில இந்த ரெண்டு காலிபருக்கும் அதே போல்ட், தோட்டா அடுக்கற அதே மேகசின், பேரல் (குழல்) மட்டும்தான் வேற. 300 பிளாக்அவுட் தோட்டா .223 சேம்பர்ல போகவே போகாதுன்னு தைரியம் சொல்றவங்க இருக்காங்க. சில குண்டு வகையில அது போகும். போல்ட் அடிச்சு மூடற வேகத்துல குண்டு கூட்டுக்குள்ள பின்வாங்கி, போல்ட் பூட்டிக்கும். அப்புறம் டிரிக்கரை இழுத்தா 0.308 குண்டு 0.224 குண்டுக்கான ஓட்டைல நுழையப் பார்க்கும். துப்பாக்கி கையிலயே சிதறும். சிதறின துப்பாக்கிப் படங்களை இந்த வட்டத்துல பார்க்காதவங்க யாரு? பார்த்துட்டும், மாத்தின தோட்டாவை லேபிள் இல்லாத டப்பால போட்டு .223 பக்கத்துலயே வெச்சிருக்காங்க. "எனக்குப் பார்த்தாலே தெரியும்"ங்கறாங்க. உங்க மேகசினை எடுத்து மாட்டப்போற பையனுக்குத் தெரியுமா? மேகசின்ல ஒரு கலர் டேப் சுத்த எவ்வளவு செலவாகும்?

நான் கேக்கறது பெரிய விஷயமே இல்ல. கம்பெனி வாரியாப் பிரிங்க. வெட்டறதுக்கு முன்னாடியே தடிமன் ஜாதியைத் தள்ளி வைங்க. ஒவ்வொரு வகையிலயும் சிலதுல குண்டை உட்கார வெச்சு கழுத்தை அளந்து, அந்த அளவைப் பை மேல எழுதுங்க. மிலிட்டரிக் கூட்டுல உள்ளிடம் குறைவா இருக்கலாம், மருந்தைக் குறைஞ்ச அளவுல இருந்து ஆரம்பிக்கணும்னு ஒரு வரி சேருங்க. இதைச் செய்ய நேரமில்லைன்னா விக்காதீங்க.

அந்த ஆளுக்கு போன் போட்டு எல்லா அளவையும் படிச்சுக் காட்டினேன். "பணத்தைத் திருப்பித் தந்துடறேன் சார்"ங்கறார். நான் பணமா கேட்டேன்? அதே மூட்டையில இருந்து வேற யாருக்கெல்லாம் வித்தீங்க, அவங்களுக்குத் தகவல் சொன்னீங்களான்னு கேட்டேன். "யாரும் குறை சொல்லலியே"ன்னு பதில். பணம் மறுநாளே வந்துடுச்சு. அந்த ஸ்டிக்கர் ஒட்டின பை இன்னைக்கும் விற்பனையில இருக்கு.