விரதம் இருந்தால்தானே கலையும்?

ஆம்பூர் கல்யாணத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் அந்தப் போட்டோ இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். கையில் பிரியாணி, வாய் திறந்தபடி நான். கீழே ‘சாமியார் விரதம் கலைஞ்சிட்ச்சி’ என்று ஒரு வரி. எங்கள் பள்ளிக்கூட குரூப்பில் ஆரம்பித்து, ஆபீஸ் குரூப்புக்குப் போய், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெரு குரூப் வரைக்கும் வந்துவிட்டது. நேற்று தண்ணி கேன் போடுகிற பையன்கூட, “இன்னா சார், பிரியாணி எப்டி இருந்துச்சி?” என்று கேட்டான்.

நன்றாக இருந்தது தம்பி. சீரகச் சம்பா, மிளகாய் விழுது, கூடவே கத்தரிக்காய். ஆம்பூரில் வேறு எப்படி இருக்கும்?

ஆனால் ஒன்று. விரதம் இருந்தால்தானே கலையும்? நான் இருப்பது விரதம் இல்லை. ஒன்பது மாதமாகக் காலையும் மத்தியானமும் சமைக்காததைச் சாப்பிடுகிறேன். ராத்திரி வீட்டில் என்ன இருக்கிறதோ அதை அளவாகச் சாப்பிடுகிறேன். 94 கிலோ இருந்தவன் 81-க்கு வந்தேன். இதில் வேண்டுதல் இல்லை, மாலை போடவில்லை, காப்புக் கட்டவில்லை. கலைவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

விரதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் நைனா, அதாவது அப்பா, மாதா மாதம் கிருத்திகை இருப்பார். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்குக் காவடி எடுப்பார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு கிருத்திகையன்று டீக்கடையில் யாரோ பேச்சுவாக்கில் போண்டாவை நீட்ட, இவரும் பேச்சுவாக்கில் வாங்கிக் கடித்துவிட்டார். பாதி தின்ற பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவிடம், “கலைஞ்சிட்ச்சி, சோறு போடு” என்றார். குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் பஜ்ஜி. அரைப் போண்டா போனால் முழு நாளும் போச்சு என்ற கணக்கை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கணக்கில்தான் இதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தேன். நான் வேலைக்குப் போவது ராணிப்பேட்டைக்கு. தினமும் ஆற்காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆற்காடு மக்கன் பேடா தெரியும் அல்லவா? கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம் வைத்து, பொரித்து, பாகில் போட்டு வைத்திருப்பார்கள். 2016-இல் சோறு, மாவு, சர்க்கரை எல்லாம் ஒதுக்குகிற பேலியோ டயட் இருந்தபோது யாரோ பிறந்த நாளுக்கு ஒன்று கொடுத்தார்கள். தின்றேன். போச்சு என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே ஒரு டப்பா வாங்கி பஸ்ஸிலேயே முக்கால்வாசி முடித்தேன். அதோடு பேலியோவுக்கும் முழுக்கு.

இந்த முறை பத்தொன்பதாம் நாள் ஆபீஸில் மெதுவடை வந்தது. இரண்டு தின்றேன். சரி, அடுத்த வேளைக்கு வெள்ளரிக்காய் என்று உட்கார்ந்தேன். அவ்வளவுதான். “எப்படி சார் இவ்வளவு வைராக்கியம்?” என்று உள்பெட்டியில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வைராக்கியம் எல்லாம் இல்லை. வடைக்கு அடுத்த வேளை வெள்ளரிக்காய் இருந்தது.

நேதாஜி மார்க்கெட்டில் ஒரு பாட்டியம்மா என்னைத் தூரத்தில் பார்த்தாலே வெள்ளரிப் பிஞ்சாகப் பொறுக்க ஆரம்பித்துவிடும். காம்புப் பக்கம் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்து, “இது வோணாம் நைனா, கசக்கும்” என்று ஒதுக்கி வைக்கும். எனக்கு உற்சாகம் என்று ஏதாவது இருக்கிறது என்றால் அதில் பாதி அந்தக் கூடையில் இருக்கிறது. மீதிப் பாதி, ராத்திரி படுக்கும் முன் பச்சைப்பயறை ஊற வைத்து, மறுநாள் துணியில் கட்டி, அதற்கடுத்த நாள் அவிழ்த்துப் பார்க்கும்போது குட்டிக் குட்டியாக வெள்ளை வால் விட்டிருக்குமே, அதில். சிரிக்காதீர்கள். 48 வயதில் ஒருவனுக்குக் காலையில் எழுந்திருக்க அது போதும்.

சரி, இப்போது அறிவுரை சொன்னவர்களுக்கு வருகிறேன்.

“மனுஷன் சமைச்சுச் சாப்பிடப் பிறந்தவன்” என்று ஒருவர். ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் ராத்திரி சமைத்ததைச் சாப்பிடுகிறேன். முதல் மாதம் மூன்று வேளையும் பச்சையாகத்தான் சாப்பிட்டேன். வயிறு உப்புசம், எப்போது பார்த்தாலும் குளிர், எதற்கெடுத்தாலும் எரிச்சல். வேலூர் வெயிலில் ஒருவன் குளிருகிறது என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? காந்தியே 1893-இல் பிரிட்டோரியாவில் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, இரண்டு வாரம்கூடத் தாங்காமல் விட்டார். 1929-இல் மறுபடி ஆரம்பித்து, சில மாதத்தில் உடம்பு கெட்டு மறுபடி விட்டார். விட்டதையும் அவரே எழுதினார். யாரும் போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டியிருக்கவில்லை.

“ஆபத்து, படித்துப் பார்” என்று இன்னொருவர். படித்தேன் ஐயா. ஜெர்மனியில் பெரும்பாலும் பச்சையாகவே சாப்பிடுகிற 513 பேரிடம் கேட்டு எழுதி 1999-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஆண்களுக்குச் சராசரியாக 9.9 கிலோ, பெண்களுக்கு 12 கிலோ குறைந்திருந்தது. அதே ஆய்வில், 45 வயதுக்குக் கீழே இருந்த பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தடுமாறியோ நின்றோ போயிருந்தது. என் மனைவி தானும் சேர்கிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றது இதனால்தான். பி12 வைட்டமின் செடி கொடியில் கிடைக்காது என்பதும் தெரியும், ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெந்த தக்காளியிலும் கேரட்டிலும் சில சத்துகள் பச்சையைவிட நன்றாக உடம்பில் சேரும் என்பதும் தெரியும். ஆபத்து பற்றி எனக்குப் பாடம் எடுத்த அதே மனிதர்தான் போன மாதம் ராஜ்மாவை ஊற வைத்து அப்படியே சாப்பிடுங்கள் என்று ஒரு செய்தியைத் தள்ளிவிட்டார். ராஜ்மாவை நன்றாகக் கொதிக்க வேக வைக்காமல் தின்றால் வாந்தி, பேதிதான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

“இலை தழைதானே, எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாமே, உனக்கு என்ன கஷ்டம்?” இதை நானும் நம்பினேன். இரண்டு மாதம் எடை அசையவே இல்லை. பார்த்தால், மத்தியானம் அரை மூடித் தேங்காய், ஒரு கை வேர்க்கடலை, பேரீச்சை. நூறு கிராம் வெள்ளரிக்காயில் 15 கலோரி, நூறு கிராம் தேங்காயில் சுமார் 350. பச்சையாக இருந்தால் உடம்பு கணக்கில் வைத்துக்கொள்ளாது என்று யார் சொன்னது?

“நீதானே தினமும் தட்டைப் போட்டோ எடுத்துப் போட்டாய், இப்போது மட்டும் ஏன் கோபம்?” போட்டேன். மற்றவர்கள் போட்டோவில் பரோட்டாவைப் பார்த்து ‘விஷம்’ என்றுகூட ஒருமுறை எழுதினேன். அது தப்புதான். மேலே போகலாம்.

“ஜோக்கைக்கூடத் தாங்க மாட்டியா?” இதைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணப் பெண்ணின் அப்பா எனக்கு இருபது வருஷப் பழக்கம், தோல் வியாபாரம். பந்தியில் நான் உட்கார்ந்ததும் அவரே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளரி, கேரட், நறுக்கி, மேலே எலுமிச்சை பிழிந்து. “உங்களுக்குன்னு தனியா சொல்லி வெச்சேன் சார். ஆனா என் பொண்ணு கல்யாணத்துல பிரியாணி ஒரு வாய் தின்னாம எழுந்திரிச்சா கோச்சுக்குவேன்” என்றார். முதலில் அவர் வைத்த தட்டைக் காலி செய்தேன். அப்புறம் பிரியாணி. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், இடது ஓரத்தில் ஒரு தட்டின் விளிம்பு தெரியும், எலுமிச்சைத் தோலோடு. மீதியை வெட்டிவிட்டார்கள். வேலை மெனக்கெட்டு வெட்டியிருக்கிறார்கள்.

போட்டவன் யாரோ எவனோ இல்லை. பத்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். எனக்கு ‘உருண்டை’ என்று பேர் வைத்ததும் அவன்தான். உடம்பு 94 இருந்தபோது இதே குரூப்பில் உருண்டை. 81-க்கு வந்ததும் “என்னடா, சுகரா?” என்றார்கள். ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட, “நல்லா கீறடா” என்று சொல்லவில்லை. ஏறினாலும் சிரிப்பு, இறங்கினாலும் சந்தேகம். ஒரு தட்டு பிரியாணிக்குத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள் போல.

ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டும் என்றால் சுமார் 7,700 கலோரி மிச்சமாகச் சேர வேண்டும். ஆம்பூரில் எவ்வளவு பெரிய கரண்டியால் போட்டாலும் ஒரு பந்தியில் அது நடக்காது. திங்கட்கிழமை காலையில் எடை மெஷினில் 82.1 காட்டியது. உப்புக்கும் சோற்றுக்கும் உடம்பு பிடித்து வைக்கிற தண்ணீர். இரண்டு நாளில் இறங்கியிருக்கும். எனக்கு அது தெரியும், நான் கவலையே படவில்லை. மத்தியானத்துக்கு டப்பாவில் முள்ளங்கியும் கொய்யாவும் எடுத்துக்கொண்டுதான் ஆபீஸுக்குப் போனேன்.

போட்டோ வந்தது திங்கட்கிழமை மத்தியானம். டப்பாவைத் திறக்கவில்லை. ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட். செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை காலையில் மனைவி துணி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். பயறு வால் நீண்டு, பின்னிக்கொண்டு, கொழகொழவென்று நாற்றம் அடித்தது. ஒன்றும் பேசாமல் கொண்டுபோய்க் கொட்டினாள். “என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டாள். “எதையாவது போடு” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, அது நைனா குரல்.

ஆக, கலைந்தது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இல்லை, திங்கட்கிழமை. பிரியாணியால் இல்லை. அந்தப் பெருமை முழுக்க உங்களுக்கே.

நேற்று சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனேன். “நாலு நாளா காணோம், ஊர்ல இல்லியா நைனா?” என்றது பாட்டியம்மா. அதற்குப் போட்டோ வந்து சேரவில்லை, நல்லவேளை. ஒரு கிலோ பிஞ்சு வாங்கினேன். ராத்திரி பயறு ஊற வைத்தேன். எடை இன்று காலை 82.9. ஒளிக்க ஒன்றும் இல்லை, பள்ளிக்கூட குரூப்பில் நானே போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வாணியம்பாடியில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. வருவேன். பந்தியில் உட்காருவேன். போட்டோ எடுக்கிறவர் கொஞ்சம் தள்ளி நின்று, ரெண்டு தட்டும் தெரிகிற மாதிரி எடுக்கவும்.