சாஃப்ட்பாலில் பெட்டிக் கோட்டை மிதித்தால் அவுட் இல்லை
சாஃப்ட்பாலில் பேட்டர் நின்று அடிக்கத் தரையில் சுண்ணாம்பால் போட்ட பெட்டியின் கோட்டை மிதித்து அடித்தாலே அவுட் என்று ஒரு கட்டுரையில் இருப்பது தவறு, கோடும் பெட்டியைச் சேர்ந்ததுதான். பந்து மட்டையில் படும் நேரத்தில் ஒரு பாதம் முழுவதும் கோட்டுக்கு வெளியே தரையில் ஊன்றியிருந்தால்தான் அவுட், பந்து ஃபவுலாக, அதாவது பக்கக் கோடுகளுக்கு வெளியே போனாலும் சரி. கால் அந்தரத்தில் இருந்தால் ஒன்றும் கிடையாது. தண்டையார்பேட்டையில் ஒரு சாஃப்ட்பால் மேட்ச், என் மகள் இடது கை ஆட்டக்காரி, ஓடியபடியே பந்தைத் தட்டுவாள், அன்றைக்கு அடித்த பிறகுதான் கால் வெளியே விழுந்தது, அம்பயர் மண்ணில் பதிந்த ஷூ தடத்தைக் காட்டி அவுட் கொடுத்துவிட்டார். மூன்றாவது இன்னிங்ஸ்தான், அதற்குள் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. அந்தத் தடம் பந்து படும்போது விழுந்ததா, பிறகு விழுந்ததா என்று யார் சொல்வது? இன்னிங்ஸ் முடிந்ததும் கோட்டைத் திரும்பப் போடுங்கள், பெட்டி 3 அடிக்கு 7 அடிதானே.