வீடு திரும்பிய காவலருக்கு எந்தச் சுவர்?

பணியில் உயிர் நீத்த காவலர்களுக்கு நினைவு நாள் இருக்கிறது, நினைவுச் சுவர் இருக்கிறது. பணியை முழுதாக முடித்து, ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவந்து, முதுமையில் தன் வீட்டிலேயே கண்மூடுகிற காவலருக்குச் செய்தித்தாளில் நாலு வரி. பெயர், கடைசியாக வகித்த பதவி, மனைவி மக்கள் விவரம், இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம். அண்மையில் என் அப்பாவுக்கு அந்த நாலு வரியை எழுதிக் கொடுத்தது நான்தான். அச்சில் வந்ததைப் படித்தேன். எந்தக் காவல் அதிகாரியின் பெயரைப் போட்டாலும் பொருந்திப் போகிற நாலு வரி அது. அன்றிலிருந்து மனது ஆறவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீரமரணம் அடைந்தவர்களுக்குச் செய்யப்படும் மரியாதையில் ஒரு துளிகூடக் குறையக் கூடாது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் தாக்கியதில் பத்துக் காவலர்கள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் இந்தியா ஆண்டுதோறும் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கிறது. 2018-இல் டெல்லியில் தேசிய காவலர் நினைவிடம் திறக்கப்பட்டபோது அதன் சுவரில் 34,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில் மே 15-ஆம் தேதியைக் காவலர் நினைவு நாளாக 1962-இல் அறிவித்தவர் அதிபர் கென்னடி. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. இறந்த காவலரின் அழைப்பு எண்ணை வயர்லெஸ்ஸில் கூப்பிடுவார்கள், பதில் வராது, மீண்டும் கூப்பிடுவார்கள், பிறகு அவருடைய பணி முடிந்ததாக அறிவிப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக அது ஒலிப்பதைக் கேட்டாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்த மரியாதை அவர்களுக்கு உரியது. ஆனால் உயிரோடு வீடு திரும்பியவர்களின் உழைப்பை அளக்க நம்மிடம் ஒரு கோலும் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

காவல் பணியின் தன்மையே அப்படிப்பட்டது. 1829-இல் ராபர்ட் பீலின் முயற்சியால் லண்டன் மாநகரக் காவல் துறை உருவானபோது, அதன் காவலர்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் குற்றத் தடுப்பையே முதன்மையான நோக்கமாகச் சொன்னது. பிடிப்பதும் தண்டனை வாங்கித் தருவதும் அதற்குப் பின்னால் வருபவை. நடந்த கொலைக்குக் கோப்பு உண்டு. நடக்காமல் போன கொலைக்குக் கோப்பு ஏது? இரண்டு தெருக்காரர்கள் கம்பும் கல்லுமாகத் திரண்டு நின்ற இரவில், இருபுறமும் பெரியவர்கள் யார் யார் என்று தெரிந்துவைத்திருந்து, அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைத்துப் பேசிக் கலைத்தவருக்கு எந்தப் பதக்கமும் கிடைப்பதில்லை. அன்று துப்பாக்கிச் சூடு நடந்திருந்தால் விசாரணை அறிக்கையாவது மிஞ்சியிருக்கும். ஒன்றும் நடக்காததால் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பாவின் பணிக்காலத்தில் முக்கால்வாசி இப்படி ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்ட இரவுகள்தான்.

பணியின்போது இறந்தவர் யார், பிறகு இறந்தவர் யார் என்ற கோடுகூட நாம் நினைப்பதுபோல அவ்வளவு நேரானது அல்ல. அமெரிக்காவில் 2003-இல் ஒரு சட்டம் வந்தது. கடும் உடலுழைப்போ மன அழுத்தமோ மிகுந்த பணியில் இருக்கும்போது, அல்லது அது முடிந்த 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ தாக்கி ஒரு காவலர் இறந்தால், அதைப் பணியின்போது நேர்ந்த மரணமாகக் கருத அது வழிசெய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் முப்பது ஆண்டு இரவுப் பணி ஒரு மனிதனின் இதயத்தில் செய்துவைத்த வேலை 24 மணி நேரத்துக்குள் வெளிப்பட்டாக வேண்டும் என்று உடம்புக்கு யார் உத்தரவு போடுவது? தூக்கச் சுழற்சியைக் குலைக்கும் இரவு நேரப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே வைத்துவிட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத் தாக்குதலில் நியூயார்க் மாநகரக் காவல் துறை 23 பேரை இழந்தது. இடிபாடுகளின் நச்சுத் தூசியைச் சுவாசித்து நோயுற்று, பின்வந்த ஆண்டுகளில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் ஓய்வுபெற்ற பிறகு இறந்தவர்களும் உண்டு. அவர்களுடைய பெயர்களும் நினைவிடங்களில் சேர்க்கப்படுகின்றன. அங்கே தூசி கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் ஒப்புக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசியைச் சுவாசித்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இனி என் அப்பா.

துக்கம் கேட்க வந்தவர்களில் அவருக்குக் கீழே பணிபுரிந்த ஒருவர் இருந்தார். அவரே இப்போது அதிகாரி. விபத்தில் இறந்தவரின் வீட்டுக்குத் தகவல் சொல்லப் போவதை அப்பா ஒருநாளும் மற்றவர் தலையில் கட்டியதில்லை என்று அவர் சொன்னார். தொலைபேசியில் சொல்லவும் விடமாட்டாராம். கதவு திறந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். உள்ளே வரலாமா என்று கேட்பார். வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரச் சொல்லிக் காத்திருப்பார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, தானும் உட்கார்ந்து, "உங்கள் மகன் இறந்துவிட்டார்" என்று நேராகச் சொல்வார். "கொஞ்சம் சீரியஸ்", "ஆஸ்பத்திரிக்கு உடனே வாருங்கள்" என்ற மழுப்பல் எதுவும் கிடையாது. "அப்படிச் சொன்னால் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வருவார்கள், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்பார் ஐயா" என்றார் வந்தவர். அழுது ஓயும்வரை எழுந்திருக்க மாட்டாராம். கிளம்பும்போது அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், உடலை எப்போது தருவார்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வருவாராம். அந்த நேரத்தில் சொன்னது எதுவும் காதில் ஏறாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது எங்களுக்குத் தெரியாது. கூடவே வாழ்ந்த எங்களுக்கே தெரியாது. எந்தப் பணிப் பதிவேட்டிலும் இது இருக்காது.

காவல் துறை என்றாலே கசப்போடு பேசுகிறவர்கள் என் நட்பு வட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் கசப்புக்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதை ஒரு காவலரின் மகளாகவே சொல்கிறேன். காவலில் அடிபட்டவர்களும், காவலில் மகனைப் பறிகொடுத்தவர்களும் என் அப்பாவின் புகழைக் கேட்டுச் சமாதானம் அடைய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் நல்லவர், அதனால் துறையும் நல்லது என்பதும் என் வாதமல்ல. நல்ல அதிகாரியை "நேர்மையானவர்" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டால், நேர்மை என்றால் அந்த வேலையில் என்ன என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடும் என்கிறேன். அப்பாவைப் பொறுத்தவரை அது மிகச் சின்ன விஷயத்தில் இருந்தது. கைது செய்த நேரத்தைக் கைது செய்த நேரமாகவே எழுத வேண்டும் என்பார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது இந்திய அரசியல் சாசனத்தின் விதி. பல நாடுகளில் இப்படி ஒரு வரம்பு இருக்கிறது. ஏட்டில் நேரத்தைத் தள்ளிப் போட்டால் அந்த வரம்புக்கு அர்த்தமே இல்லை. கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் சாட்சியின் கையொப்பமும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் டி.கே. பாசு வழக்கில் கட்டளையிட்டது சும்மா இல்லை. ஏட்டில் ஏறாத அந்த இடைப்பட்ட மணி நேரங்களில்தான் மனிதர்கள் அடிபடுகிறார்கள். பேனாவை எடுக்கும் முன் கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் அப்பாவுக்கு ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை. பால் கணக்கு எழுதும்போதுகூட நேரம் குறித்துவைப்பார்.

அவரை நல்ல குடும்பத்தலைவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் விவரத்தோடு சொல்ல விரும்புகிறேன். விசேஷ நாட்களில் அவர் வீட்டில் இருந்ததில்லை, ஊருக்கு விசேஷம் என்றால் அவருக்குப் பந்தோபஸ்து. எங்கள் மதிப்பெண் அட்டைகளில் பெரும்பாலும் அம்மாவின் கையெழுத்துதான் இருக்கும். நள்ளிரவில் தொலைபேசி மணி அடித்தால் எடுத்துப் பேசுவதற்கு முன் அம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேலை முடிந்து வந்தால் அப்பா நேரே உள்ளே வரமாட்டார். சீருடையை மாற்றி, முகம் கழுவி, வெளி அறையிலேயே சிறிது நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் போகக் கூடாது என்பது அம்மா போட்ட விதி. அன்று என்ன பார்த்தார், யாரிடம் என்ன கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையைத் தாண்டி உள்ளே வந்த மனிதர் ஒருநாளும் எங்கள் மேல் எரிந்து விழுந்ததில்லை. அதை நான் பெரிதாக மதிக்கிறேன், அந்த வேலையின் சூட்டை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிய குடும்பங்களையும் பார்த்திருப்பதால்.

ஓய்வு என்பதும் பெயரளவுக்குத்தான். அவர் விசாரித்த வழக்குகள் அவரைவிட மெதுவாக நடந்தன. ஓய்வுபெற்று ஆண்டுகள் கடந்த பிறகும் சம்மன் வரும். பழைய குறிப்புகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, படிக்கும் பையனைப் போல விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ஒருமுறை குறுக்கு விசாரணையில், சம்பவ இடத்துக் கதவு உட்புறம் திறக்குமா வெளிப்புறம் திறக்குமா என்று வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். நினைவில்லை, குறிப்பிலும் எழுதவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். வழக்கு பலவீனமாகும் என்று தெரிந்தேதான் சொன்னார். வீட்டுக்கு வந்து, "கூண்டில் ஏறி ஊகம் சொல்லக் கூடாது, அம்மா" என்றார் என்னிடம்.

காவல் துறைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டு நினைவுப் பரிசு கொடுத்து அனுப்புகிறீர்கள். அதற்கு முன் ஒரு நாள் அவரை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். இறப்புச் செய்தியை எப்படிச் சொல்வது என்று என் அப்பா ஒரு மணி நேரம் பேசியிருந்தால், பயிற்சிப் பள்ளியில் எத்தனை இளைஞர்களுக்கு அது உதவியிருக்கும்.

ஓய்வுபெற்ற காவலர் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. பெரிய வழக்கு எது, பிரபலமான ரவுடி யார் என்று கேட்காதீர்கள். அந்தக் கதைகளை அவர்களே பலமுறை சொல்லியிருப்பார்கள். எந்த வீட்டுக் கதவைத் தட்டத் தயங்கினீர்கள், மேலதிகாரி சொல்லியும் எதைச் செய்ய மறுத்தீர்கள், எந்த இரவில் ஒன்றும் நடக்காமல் போனது என்று கேளுங்கள். கேட்கும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். தேதிகள் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.