நூலகர் இல்லாத நூலகம்

பாடசாலைச் செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் முதலில் நூலகர் பதவியிலேயே கைவைக்கிறார்கள் என்று பாடசாலை நூலகங்கள் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை கூறுவது முற்றிலும் சரி. அலுமாரியில் நூல்கள் இருந்தால் போதும், அதற்கென ஓர் ஆள் எதற்கு என்று கேட்பவர்கள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் நூலகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அங்கே பொறுப்பாசிரியர் கணிதமும் கற்பிக்கிறார்; அவருக்கு ஓய்வுப் பாடவேளை கிடைத்தால்தான் கதவு திறக்கும். ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பில் ஒரு நூல் குறைந்தாலும் தானே பதில் சொல்ல வேண்டும் என்பதால், பிள்ளைகளிடம் நூலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே அவர் தயங்குகிறார். அவரைக் குறைசொல்வது நியாயமாகாது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசாம்சப் பகுப்பின்படி 500இல் இருக்க வேண்டிய விஞ்ஞான நூல்கள், 800க்குரிய இலக்கியத் தட்டில் கலந்து கிடக்கின்றன. மாரிகால ஈரத்தில் சிலவற்றின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

பயிற்சி பெற்ற நூலகர் இருந்தால், எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் ஆறாந்தரப் பிள்ளையை இனங்கண்டு, அதன் வயதுக்கு வெட்கமில்லாமல் வாசிக்கக்கூடிய எளிய நூலொன்றைத் தேடிக் கொடுப்பார். அந்த வேலையை எந்த அலுமாரியும் செய்யாது. மட்டக்களப்பு நகரில் பொது நூலகம் இருக்கிறதே என்பார்கள். படுவான்கரையிலுள்ள வெல்லாவெளியிலிருந்து ஒரு பிள்ளை பாடசாலை விட்டபின் பஸ் ஏறி அங்கு வந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா?

நிதி உண்மையிலேயே போதாதென்றால், அயலிலுள்ள இரண்டு மூன்று சிறு பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு நூலகரையாவது நியமித்து, வாரநாட்களைப் பகிர்ந்தளிக்க வலயக் கல்வி அலுவலகங்கள் முன்வர வேண்டும். பதவியையே இல்லாமலாக்குவதைப் பெற்றோராகிய நாங்கள் ஏற்க மாட்டோம்.