கியூஆர் படத்தைப் பகிரும் முன்

முகநூல் பக்கமும் கியூஆர் அட்டையும் இருந்தால் சிறிய அறக்கட்டளைக்கும் நன்கொடை தானாக வந்து சேரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அக்கருத்தை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் வணிக இலாபத்தில் மகமை (அறப்பணிக்கான பங்கு) எடுத்து வைத்ததும், கோயிலுக்குப் புள்ளிக் கணக்கில் (மணமான குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று) வரி கொடுத்ததும், வரவு செலவை ஏட்டில் எழுதிக் காட்டும் வழக்கம் இருந்ததால்தான் நிலைத்தன என்பது என் எண்ணம். யுபிஐ வழியாக 100 ரூபாய் அனுப்புபவருக்கும் இரசீது போக வேண்டும்.

கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு. ஊருக்கு உதவுவோரில் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட பங்காளி அனுப்பினால், அவர் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும் என்பதோடு, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அப்பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வரவாக வேண்டும். இவ்விருவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கியூஆர் படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது (பல குழுக்களில் பார்க்கிறேன்) அறக்கட்டளையையே சிக்கலில் மாட்டிவிடும்.